அப்பாவின் தூக்குக்குண்டும் என் ஸ்கோப்பும்

எங்கள் வீட்டில் "துவக்கு" என்ற சொல்லை அம்மா சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. தொலைக்காட்சியில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது சுடுகிற காட்சி வந்தால் றிமோட் எங்கே என்று தேடுவார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. உங்களில் பலருக்கும் வீட்டில் அப்படி ஒரு சொல் இருக்கும்.

அந்த வீட்டில் வளர்ந்த நான் இப்போது ஒரு றைபிளின் சொந்தக்காரி. கல்யாண வீடுகளில் என்னைக் காணும் தம்பி தங்கைகள் வரிசையாக மூன்று கேள்வி கேட்பார்கள். "அக்கா, உண்மையாவே துவக்கு வச்சிருக்கிறீங்களா? ஸ்கோப் இருக்கா? எத்தனை எக்ஸ்?"

மூன்றாவது கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பப்ஜியில் தரையில் ஒரு 8 எக்ஸ் ஸ்கோப் கிடக்கும். எடுத்தால் அடுத்த நொடியே அது துவக்கில் ஏறிவிடும். அதைத் துவக்கோடு நேர்ப்படுத்தும் வேலையே கிடையாது. அது விளையாட்டு, அப்படித்தான் இருக்க வேண்டும். நிஜத்தில் கடையில் வாங்கிய ஸ்கோப்பை றைபிளின் மேல் வைத்து இறுக்கினால், அது உங்களுக்கு அழகான ஒரு பொய்யைத்தான் காட்டும். சிலுவைக்கோடு ஒரு இடத்தில் நிற்கும், சன்னம் வேறொரு இடத்துக்குப் போகும். அந்த இரண்டையும் ஒன்றாக்கும் வேலையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். இதில் அப்பாவும் வருவார், கொஞ்சம் அம்மாவும் வருவார்.

முதலில், ஏன் துவக்கு என்று சொல்ல வேண்டும். ஒஸ்லோவில் வளர்ந்த எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது குளோம்மா ஆறு ஓடும் ஒரு பள்ளத்தாக்கில். சுற்றிவர பைன் காடு. அங்கே செப்டம்பர் கடைசியில் எல்க் மான் வேட்டை தொடங்கினால் ஊரே காட்டுக்குள் போய்விடும். நோர்வேயில் ஆண்டுக்கு 20,000க்கும் மேற்பட்ட எல்க் மான்கள் வேட்டையாடப்படுகின்றன. எந்தக் காட்டில் எத்தனை, அதில் கன்று எத்தனை, கிடா எத்தனை என்று முன்கூட்டியே முடிவாகிவிடும். குறைக்காவிட்டால் இளம் பைன் மரங்கள் மிஞ்சாது. குளிர்கால இருட்டில் வீதியில் வாகனங்களோடு மோதிச் சாகும் மான்களும் கூடும். ஊர் வேட்டைக்குழுவில் இருந்த சக ஆசிரியை ஒருவர், "நீயும் வாயேன்" என்றார். இரண்டு ஆண்டுகள் துவக்கில்லாமல் கூடப் போனேன். மான் உரிக்கவும் இறைச்சி தூக்கவும் உதவினேன். மூன்றாம் ஆண்டு வேட்டைக்காரர் பரீட்சைக்குப் பதிந்தேன். 30 மணிநேர வகுப்பு, பிறகு எழுத்துத் தேர்வு. பிறகு பொலிசாரிடம் றைபிள் வாங்க அனுமதி, வீட்டில் அதைப் பூட்டி வைக்க இரும்பு அலுமாரி. இதெல்லாம் முடிந்த பிறகுதான் றைபிள்.

றைபிள் புதிதல்ல. குழுவில் மூத்தவர் ஒருவருக்குக் கண் பார்வை மங்கியதால் வேட்டையை நிறுத்தினார். அவருடைய டிக்கா றைபிளை நான் வாங்கினேன். 6.5×55 தோட்டா போடுவது. இந்தத் தோட்டாவுக்கு ஒரு கதை உண்டு. 1890களில் ஒரே அரசரின் கீழ் இருந்த சுவீடனும் நோர்வேயும் தங்கள் படைகளுக்காகச் சேர்ந்து வடிவமைத்தது இது. போருக்கு என்று செய்தது இன்று எல்க் மானுக்குப் பயன்படுகிறது. இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் கவனித்தேன், இதில் பல பொருட்கள் இப்படி ஒரு காரியத்துக்குப் பிறந்து இன்னொரு காரியத்துக்குப் போனவை.

ஸ்கோப்பின் உள்ளே தெரியும் சிலுவைக்கோடும் அப்படித்தான். 1640 வாக்கில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு அருகே வில்லியம் காஸ்கோய்ன் என்ற இளைஞர் தொலைநோக்கியால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உள்ளே ஒரு சிலந்தி நூல் இழுத்திருந்தது. அது சரியாக வில்லையின் குவியம் விழும் இடத்தில் இருந்ததால், வானமும் நூலும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிந்தன. இப்படி ஒரு நூலை நாமே வைத்தால் நட்சத்திரத்தின் இடத்தைத் துல்லியமாக அளக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. இன்று ஒவ்வொரு ஸ்கோப்பிலும் இருப்பது அந்த நூலின் வழிவந்த கோடுதான். காஸ்கோய்ன் 1644இல் உள்நாட்டுப் போரில், மார்ஸ்டன் மூர் சண்டையில் இறந்துபோனார். முப்பத்திரண்டு வயது இருக்கும். நட்சத்திரத்துக்காக யோசித்தவர்.

சரி, றைபிளுக்கு வருகிறேன்.

பழைய ஸ்கோப் அதன் மேலேயே இருந்தது. சூட்டுத்திடலில் ஒரு வினோதம் தெரிந்தது. சூடு தாழ்வாகப் பட்டது. மேலே ஏற்றும் திருகைத் திருப்பினால் மேலே போனதோடு வலப்பக்கமும் கொஞ்சம் நகர்ந்தது. வலத்தைத் திருத்த மற்றத் திருகைத் திருப்பினால் உயரம் மாறியது. ஒரு திருகு ஒரு வேலை மட்டும் செய்ய வேண்டும். இங்கே இரண்டும் கைகோத்துக்கொண்டு போயின. குழுவில் இருந்த ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார், "ஸ்கோப் சரிந்திருக்கிறது." முன்பு யாரோ பொருத்தியபோது சில பாகை சரித்து இறுக்கிவிட்டார்கள். கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது.

இதைக் கணக்காகச் சொன்னால் விளங்கும். ஸ்கோப் 5 பாகை சரிந்திருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் 10 சென்ரிமீற்றர் மேலே ஏற்றினால், பக்கவாட்டில் ஒரு சென்ரிமீற்றர்கூட நகராது. யார் கவனிப்பார்கள்? ஆனால் தூரத்து இலக்குக்காக 60 சென்ரிமீற்றர் ஏற்றினால் பக்கவாட்டுப் பிழை 5 சென்ரிமீற்றருக்கு மேல் ஆகிவிடும். கிட்டத்தில் நின்று பார்த்தால் சரிவு தெரியாது. தூரம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். 80 மீற்றரில் நிற்கும் எல்க் மானுக்கு இது பெரிய குற்றம் இல்லை என்று சிலர் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் ஒரு திருகைத் திருப்பும்போது என்ன நடக்கும் என்று தெரியாத கருவியோடு நான் ஒரு உயிருக்கு முன்னால் போய் நிற்க விரும்பவில்லை. முழுவதையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து பொருத்த முடிவு செய்தேன்.

அந்தக் கிழமை அம்மாவும் அப்பாவும் ஒஸ்லோவிலிருந்து வந்திருந்தார்கள்.

அப்பா வன்னியில் மேசன். நோர்வேக்கு வந்து பாத்திரம் கழுவி, பிறகு கட்டட வேலைக்குப் போய், முதுகு நோவோடு ஓய்வு பெற்றவர். அவருக்குத் துவக்கு தெரியாதது அல்ல. வன்னிக் காட்டோரத்தில் பன்றிக்கும் மரைக்கும் இடியன் துவக்கு வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அதைவிட மோசமானது கட்டுத்துவக்கு. மிருகம் வரும் பாதையில் துவக்கை மரத்தோடு கட்டி, விசையில் ஒரு கயிற்றை இணைத்து, குறுக்கே இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கயிற்றில் எது தட்டுகிறதோ அதற்கு வெடி. பன்றிக்கென்று கட்டியது விறகுக்கும் தேனுக்கும் போனவர்களின் காலைப் பறித்திருக்கிறது. அப்பாவின் மைத்துனர் ஒருவர் அப்படித்தான் முழங்காலுக்குக் கீழே இழந்தார். போருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது போருக்கு முன்பு.

"அதுக்குப் பின்னால ஒரு மனிசன் இல்லை, பிள்ளை" என்று அப்பா ஒருமுறை சொன்னார். "பார்க்க ஆளில்லாத துவக்கு."

நான் கராஜ் மேசையில் விரிப்புப் போட்டு, றைபிளைத் திறந்து, தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுப் பூட்டுக் கட்டையை வெளியே எடுத்தேன். எந்த வேலைக்கும் முதல் வேலை இதுதான். "இல்லை என்று எனக்குத் தெரியும்" என்பது செல்லாது. ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். அப்பா வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

ஸ்கோப்பைப் பொருத்துவதில் மூன்று பகுதி. றைபிளின் மேல் இரும்பில் இறுகும் தளம். அந்தத் தளத்தில் அமரும் இரண்டு வளையங்கள். வளையங்களுக்குள் படுக்கும் ஸ்கோப். ஒவ்வொரு வெடிக்கும் இந்த மூன்றும் உதைபடும். எங்காவது ஒரு திருகாணி தலைமயிர் அளவு நகர்ந்தாலும், நூறு மீற்றரில் அது விரல் அகலமாகிவிடும். அதனால் திருகாணிகளின் எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் போட வேண்டும். கைபோன போக்கில் இறுக்கவும் கூடாது. எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்று அளந்து காட்டும் டோர்க் ரென்ச் ஒன்று உண்டு. வளையத் திருகாணிகளுக்குப் பெரும்பாலும் 2 நியூட்டன் மீற்றர் அளவுதான் கேட்பார்கள். மிகக் குறைவு, இரண்டு விரலால் திருகும் அளவு. கூட இறுக்கினால் குழாய் நசுங்கும், உள்ளே இருக்கும் நுட்பம் கெடும். காரின் டயர் கழற்றிப் பழகிய கைக்கு இது கஷ்டம்.

இறுக்குவதற்கு முன் கண்ணின் தூரத்தைப் பார்க்க வேண்டும். ஸ்கோப்பின் பின் வில்லைக்கும் உங்கள் கண்ணுக்கும் இடையே 9 சென்ரிமீற்றர் போல இடைவெளி வேண்டும். கூடினால் படத்தைச் சுற்றிக் கறுப்பு வட்டம் வரும். குறைந்தால் றைபிள் உதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் வெட்டும். எங்கள் குழுவில் இரண்டு பேருக்கு அந்தப் பிறைத் தழும்பு இருக்கிறது. இதற்கு ஒரு வழி: கண்ணை மூடிக்கொண்டு றைபிளைத் தோளில் வைத்து, கன்னத்தை அதன் இடத்தில் சாய்த்து, பிறகு கண்ணைத் திறவுங்கள். முழு வட்டமும் தெரிய வேண்டும். நான் ஓகஸ்ட் வெயிலில் தடித்த வேட்டைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இதைச் செய்தேன். ஒக்ரோபரில் அந்தச் சட்டைதான் தோளில் இருக்கும். அதன் தடிப்பு றைபிளை முன்னே தள்ளும். அம்மா ஜன்னலால் பார்த்துச் சிரித்தார்.

அடுத்தது நேர்ப்படுத்துவது. றைபிளைத் தாங்கியில் வைத்து, தளத்தின் தட்டையான பகுதியில் சின்ன நீர்மட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கும் வரை சரி செய்தேன். இப்போது றைபிள் நேர். ஆனால் ஸ்கோப்பின் உள்ளே இருக்கும் செங்குத்துக் கோடு நேரா என்பதற்கு எது சாட்சி? ஸ்கோப்பின் மூடிமேல் நீர்மட்டம் வைக்கலாம். ஆனால் அது மூடி நேரா என்று சொல்லுமே தவிர, உள்ளே இருக்கும் கோட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. தூரத்தில் உண்மையாகவே செங்குத்தான ஒரு கோடு வேண்டும். அயல்வீட்டுக் கொடிக்கம்பத்தைப் பார்த்தேன்.

"அது சரிஞ்சு நிக்குது" என்றார் அப்பா வாசலிலிருந்து. "என்ன வேணும் உனக்கு?"

சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் காருக்குப் போனார். டிக்கியில் எப்போதும் கிடக்கும் பெட்டியிலிருந்து தன் தூக்குக்குண்டை எடுத்துவந்தார். பித்தளை. முள்ளியவளையில் வாங்கி, கொழும்பு விடுதியிலும் ஒஸ்லோ அடுக்குமாடியிலும் கூடவே கிடந்த குண்டு. முற்றத்தின் மறு கரையில், பேர்ச் மரக் கொப்பில் வெள்ளை நூலைக் கட்டித் தொங்கவிட்டார். காற்றுக்கு ஆடியது. ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து குண்டை அதற்குள் இறக்கினார். ஆட்டம் அடங்கியது. "காத்தடிக்கிற நாளில சுவர் எடுக்கேக்க இப்பிடித்தான்" என்றார்.

ஸ்கோப்பால் பார்த்தேன். வெள்ளை நூல் ஒன்று, கறுப்புக் கோடு ஒன்று. வளையத் திருகாணிகள் இன்னும் தளர்வாக இருந்தன. குழாயை மெல்ல மெல்லச் சுழற்றினேன், கறுப்புக் கோடு வெள்ளை நூலின் மேல் மறையும் வரை. பிறகு திருகாணிகளைக் குறுக்கு மறுக்காக, ஒன்றுக்குக் கொஞ்சம், எதிர்ப்பக்கத்துக்குக் கொஞ்சம் என்று இறுக்கினேன். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கினால் குழாய் அந்தப் பக்கம் சுழன்றுவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் நூலைப் பார்த்துக்கொண்டேன். அப்பா வாளிக்கு அருகிலேயே நிற்கவில்லை. றைபிளின் முன்பக்கம் தோட்டா இல்லாவிட்டாலும் யாரும் நிற்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அவர் என் பின்னால் வந்து, குனிந்து, ஸ்கோப்புக்குள் ஒருமுறை பார்த்தார்.

"சரியா நிக்குது" என்றார். சுவர் பார்க்கும் அதே குரல். துவக்கைப் பற்றி அன்று அவர் சொன்னது அவ்வளவுதான்.

அடுத்த நாள் சூட்டுத்திடல். அங்கே இரண்டு கோடுகளைப் பற்றி நான் என் மாணவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். கண்ணிலிருந்து ஸ்கோப் வழியாக இலக்குக்குப் போவது நேர்கோடு. சன்னம் போவது நேர்கோடு அல்ல. குழலை விட்டு வெளியே வந்த கணத்திலேயே அது விழத் தொடங்குகிறது, நாம் கையிலிருந்து நழுவவிட்ட மாங்காய் விழுவதைப் போலவே. என் தோட்டாவின் சன்னம் நொடிக்கு 800 மீற்றர் போல வேகத்தில் போகிறது. நூறு மீற்றர் போக 0.13 நொடி எடுக்கும். அந்த நேரத்துக்குள் ஏறக்குறைய 8 சென்ரிமீற்றர் விழுந்துவிடும். போதாக்குறைக்கு ஸ்கோப் குழலுக்கு 4 சென்ரிமீற்றர் மேலே இருக்கிறது. ஆகவே சன்னம் பார்வைக் கோட்டுக்குக் கீழேயிருந்து புறப்படுகிறது. இரண்டும் சந்திக்க வேண்டுமானால் குழல் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஸ்கோப்பின் திருகுகள் செய்வது இந்தச் சாய்வைத் தீர்மானிப்பதைத்தான்.

முதலில் வெடியில்லாமல் ஒரு வேலை. பூட்டுக் கட்டையை எடுத்துவிட்டு, றைபிளை மணல் மூட்டைமேல் அசையாமல் வைத்து, பின்னாலிருந்து குழலின் உள்ளே பார்ப்பது. குழலின் மறுமுனையில், தூரத்து அட்டையின் வட்டம் நிலவு போலத் தெரியும். அதை நடுவில் வைத்துவிட்டு, றைபிளைத் தொடாமல் தலையை மட்டும் உயர்த்தி, ஸ்கோப்பின் சிலுவைக்கோட்டைத் திருகால் அதே வட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இப்படிச் செய்தால் முதல் வெடியாவது அட்டையில் படும்.

பிறகு 25 மீற்றரில் ஒரு வெடி. 3 சென்ரிமீற்றர் தாழ்வு. என் ஸ்கோப்பின் ஒரு 'கிளிக்' நூறு மீற்றரில் 1 சென்ரிமீற்றர் நகர்த்தும். அதுவே 25 மீற்றரில் கால் சென்ரிமீற்றர்தான். ஆகவே மேலே 12 கிளிக். இந்த முறை மேலே மட்டும்தான் போனது, பக்கத்தில் அசையவில்லை. அப்பாவின் நூல் வேலை செய்தது.

பிறகு நூறு மீற்றருக்குப் போய் மூன்று மூன்றாகச் சுட்டேன். ஏன் மூன்று? ஒரு துளை எதையும் நிரூபிக்காது. அது உங்கள் மூச்சாக இருக்கலாம், காற்றாக இருக்கலாம், அந்த ஒரு தோட்டாவாக இருக்கலாம். மூன்று துளைகளும் கிட்டக்கிட்ட விழுந்தால் அவற்றின் நடுவை எடுத்து அளக்கலாம். சிதறி விழுந்தால் திருகைத் தொடக்கூடாது; முதலில் சிதறலுக்குக் காரணம் தேட வேண்டும். ஒவ்வொரு மூன்றுக்கும் பிறகு குழல் ஆற விட வேண்டும். சூடான குழல் வேறு இடத்துக்குச் சுடும், ஆனால் காட்டில் முதல் வெடி எப்போதும் குளிர்ந்த குழலில்தான். ஒரு பின்னேரம் முழுவதும் போனது. பெரும்பகுதி காத்திருப்பு.

கடைசியில் நடு, புள்ளிக்கு 4 சென்ரிமீற்றர் மேலே நின்றது. அங்கேயே விட்டேன். இங்கே பலரும் அப்படித்தான் வைப்பார்கள். நூறில் 4 சென்ரிமீற்றர் உயரம் என்றால், சன்னம் அதற்கு அப்பால் பார்வைக் கோட்டை மீண்டும் சந்திக்கும், 200இல் சில சென்ரிமீற்றர் மட்டும் தாழ்ந்திருக்கும். அதுவரை எந்தத் தூரத்திலும் கணக்குப் பார்க்காமல் நடுவில் வைத்துச் சுடலாம். அதைவிடத் தூரத்தில் நான் சுடுவதில்லை.

இவ்வளவும் செய்தாலும் அரசு நம்பாது. பெரிய மிருகத்தை வேட்டையாடும் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆண்டும் சூட்டுத்தேர்வு எழுத வேண்டும், 40 ஆண்டு அனுபவம் உள்ளவரும்தான். முதலில் 30 பயிற்சி வெடிகள். பிறகு நூறு மீற்றரில் மான் உருவ அட்டையில் 5 வெடிகள். ஐந்தும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழ வேண்டும். நாலு விழுந்தால் தோல்வி. அந்த வட்டம் நெஞ்சுக்கூட்டின் அளவு, இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம். வெளியே விழுந்த ஒரு வெடி என்பது அட்டையில் ஒரு துளை. காட்டில் அது தாடை உடைந்து, அல்லது வயிறு கிழிந்து, ஓடித்திரியும் ஒரு மான். காயப்பட்ட மானைத் தேடுவது சட்டப்படி கடமை. அதற்குப் பழக்கிய நாய் கிடைக்க வழி செய்யாமல் வேட்டைக்கே போக முடியாது. டோர்க் ரென்ச், தண்ணீர் வாளி, மூன்று மூன்று வெடி எல்லாம் அந்த 30 சென்ரிமீற்றருக்காகத்தான்.

றைபிள் எங்காவது விழுந்தால், தட்டுப்பட்டால், மறுபடி சூட்டுத்திடலுக்குப் போக வேண்டும். வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் போக வேண்டும். நம் ஊர்ப் பக்கத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. வில்லியம் லாம்ப்டன் தென்னிந்தியாவை அளந்தபோது, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே ஏற்றினார்கள். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. அதன் அளவு வட்டம் நெளிந்துபோனது. அவர் வாரக்கணக்காக உட்கார்ந்து அதைத் தட்டித் தட்டி மீண்டும் வட்டமாக்கிய பிறகுதான் வேலை தொடர்ந்தது. மோதிய கருவியைக் கொண்டு ஒரு நாட்டை அளக்க முடியாது. ஒரு மானையும் சுட முடியாது.

சூட்டுத்திடலிலிருந்து திரும்பிய இரவு, அப்பா நித்திரைக்குப் போன பிறகு, அம்மா தேத்தண்ணியோடு மேசையில் இருந்தார். அலுமாரியைப் பூட்டிவிட்டு வந்தேன்.

"அந்தக் கண்ணாடிக்குள்ளால நீ பார்க்கேக்க" என்றார், "அங்கால நிக்கிறவைக்குத் தெரியுமோ?"

மானைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "இல்லை அம்மா, தூரமெல்லோ" என்றேன்.

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்களுக்குத் தெரியும்" என்றார். "முதுகில தெரியும்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. எந்த வீதி, எந்த ஆண்டு, யாருடைய துவக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னேன். வேட்டைக்காரர் வகுப்பில் முதல் நாளே சொல்லித்தருவது: ஸ்கோப் பார்ப்பதற்கான கண்ணாடி அல்ல. காட்டில் ஏதோ அசைந்தால் அது என்னவென்று ஸ்கோப்பால் பார்க்கக்கூடாது, ஏனென்றால் ஸ்கோப் பார்க்கும் இடத்தையே குழலும் பார்க்கிறது. அசைந்தது காளான் பொறுக்க வந்தவராக இருக்கலாம். கழுத்தில் தொங்கும் பைனாகுலரால் பார்த்து, மான்தான் என்று உறுதியான பிறகே றைபிள் தோளுக்கு வரும். மனிதரை ஸ்கோப்பால் பார்ப்பவரை எந்த வேட்டைக்குழுவும் வைத்திருக்காது.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப ரெண்டு கண்ணாடி கொண்டு போறனி" என்றார். "ஓம்." "மற்றதை முதல் பார்." எழும்பிப் போய்விட்டார்.

அம்மாவுக்கு என் துவக்கு பிடித்துவிட்டது என்று எழுத முடியாது. பிடிக்கவில்லை. எல்க் இறைச்சியை மிளகு போட்டு வறுத்துத் தருவார், "பெரிய மரை" என்பார், ஆனால் அலுமாரி இருக்கும் அறைக்குள் வரமாட்டார். வரவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அவர் அந்தக் கண்ணாடியின் மறுபக்கத்தில் நின்றவர். நான் இந்தப் பக்கத்தில் எவ்வளவு அளந்தாலும், மறுபக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

துவக்கைப் பற்றி நம் தலைமுறைக்கு இரண்டு படங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று வீட்டின் பயம், மற்றது திரையின் கவர்ச்சி. இரண்டிலுமே அது நினைத்த இடத்தில் சரியாகச் சுடும் பொருளாகத்தான் வருகிறது. நான் கையில் எடுத்துப் பார்த்தது அப்படி ஒன்றையல்ல. தன்பாட்டில் விட்டால் தவறிப்போகும் ஒரு இரும்பு. நூலோடும் நீர்மட்டத்தோடும் நூறு மீற்றரோடும் ஒப்பிட்டுப் பார்த்து, அப்போதும் நம்பாமல், திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியது. யாரும் துவக்கு வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த முறை விளையாட்டில் 8 எக்ஸ் ஸ்கோப்பை எடுத்து மாட்டும்போது, அந்த ஒரு நொடிக்குள் எத்தனை மணிநேர வேலையை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அது போதும்.

கேட்டவர்களுக்காக: என் ஸ்கோப் 3 முதல் 12 எக்ஸ். காட்டில் நான் அதை 4க்கு மேல் வைப்பதே இல்லை.